படைத்தலைவருக்குக் கட்டிய வேட்டி

ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கைத்திறமை இருக்கும். முருகையனின் திறமை மூடுவது. தேர்தல் அறிவிப்பு வந்த மறுநிமிஷம் செஞ்சியில் நிற்கிற அத்தனை தலைவர் சிலைகளையும், பெயர் வெட்டிய அத்தனை திறப்புவிழாக் கற்களையும் மூடிக் கட்டவேண்டும். நடத்தை விதி அப்படி. முப்பத்துநாலு வருஷமாக அந்த வேலையைச் செய்துவருகிறவர் அவர்தான். பேரூராட்சி ஆபீஸ் பதிவேட்டில் பூங்காக் காவலர், ஊர் வாயில் வாட்ச்மேன். எந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார். எந்தச் சிலைக்கு எத்தனை முழம் சணல் வேண்டும் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

கையை நீட்டிக்கொண்டு நிற்கிற சிலைகள் மேல்தான் அவருக்குத் தீராத கோபம். "கைய மடக்கி வெச்சிக்கினு இருந்தா ஒரு சாக்கோட வேல முடிஞ்சிது. ஊருக்கு வழி காட்டுற மாதிரி நீட்டிக்கினு நின்னா நான் இன்னா பண்றது?" என்பார். நீட்டிய கைக்குத் தனியாக ஒரு உறை தைத்து வைத்திருந்தார் மனுஷன். அது அவர் மனைவி ராஜம்மாளின் தலையணை உறை. போன தேர்தலோடு அந்த வீட்டில் காணாமல்போனவை மூன்று போர்வை, இரண்டு தலையணை உறை, ஒரு ஜன்னல் திரை. அதற்கப்புறம் தேர்தல் என்ற வார்த்தை டிவியில் கேட்டாலே ராஜம்மாள் பீரோவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள்.

இந்தத் தடவை விஷயமே வேறு. மார்ச் மாதம் நடுவில் நடத்தை விதி அமலுக்கு வந்தது. ஏப்ரல் முப்பதாம் தேதி முருகையனுக்குப் பணி ஓய்வு. இடையில் நாற்பத்தாறு நாள்.

அரசாங்க வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கடைசி மாதம் என்பது எவ்வளவு பொல்லாத மாதம் என்று. ராஜம்மாளின் ஒன்றுவிட்ட அண்ணன் கன்னியப்பன் எங்கோ வேறு மாவட்டத்தில் மோட்டார் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெறும் நாளில் கழுத்தில் மாலை ஏறியாகிவிட்டது, கேசரியும் காராபூந்தியும் தட்டில் வைத்தாகிவிட்டது, சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தது சஸ்பெண்ட் ஆர்டர். என்றைக்கோ எரிந்துபோன ஒரு மோட்டாருக்கு அன்றைக்குத்தான் கணக்குக் கேட்டார்கள். மனுஷன் மாலையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். பென்ஷன் இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அந்தக் கதையை முருகையன் ஆயிரம் தரம் கேட்டிருப்பார். அதனால் அந்த நாற்பத்தாறு நாளும் ஒரு கரும்புள்ளி விழாமல் தாண்டிவிடவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். எட்டு மணிக்குப் போடவேண்டிய கையெழுத்தை ஏழரைக்கே போட்டார். பூங்காவில் கொட்டாவி வந்தால்கூட வெளியே போய் விட்டுவிட்டு வந்தார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே வந்தது படைத்தலைவர் கல்.

பூங்காவின் வாசலுக்கு நேரே, ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, எட்டடிக் கருங்கல் பலகை ஒன்று நிற்கிறது. மேலே தலைப்பாகையும் மீசையும் தூக்கிய வாளுமாக, படைத்தலைவர் நரசிங்கனின் மார்பளவு உருவம். அதன்கீழே இரண்டு வரி: 'படைத்தலைவர் நரசிங்கன். கோட்டையின் வடக்கு வாசலை நாற்பது நாள் காத்து நின்றவர்.' அவ்வளவுதான் அவருக்கு. அதற்குக் கீழே, இடுப்பிலிருந்து பாதம்வரை, அந்தக் கல்லைத் திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி சொன்னவர் என்று பதினோரு பேர். நாற்பது நாள் சண்டை போட்டவருக்கு இரண்டு வரி, நாற்பது நிமிஷம் மேடையில் உட்கார்ந்தவர்களுக்குப் பதினோரு வரி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அதற்குக் குழி வெட்டியது முருகையன். சிமெண்ட் கலந்ததும் அவர்தான். கிரேன் சங்கிலி நழுவியபோது கல்லைத் தோள்கொடுத்துத் தாங்கி, வலது கை நடுவிரல் நகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவரும் அவர்தான். திறப்புவிழாவுக்கு ராஜம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கூட்டம் கலைந்த பிறகு கல்முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். கீழிருந்து மேலாக இன்னொரு தரம் வாசித்தாள்.

"உன் பேரு எங்கய்யா?"

"எனக்கு எதுக்குடி பேரு? நானா சண்ட போட்டேன்?"

"இந்தப் பதினோரு பேரும் மட்டும் சண்டையா போட்டாங்க?" என்றாள் அவள். அப்புறம் அதைப்பற்றி அவள் பேசவேயில்லை. ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அது முருகையனுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, கதைக்கு வருவோம். விதி வந்ததும் முருகையன் கல்லை உச்சிமுதல் அடிவரை சாக்குப்போட்டுக் கட்டினார். மறுநாள் காலை நடைப்பயிற்சிக்கு வந்த விக்ரமன் வாத்தியார், போன தேர்தல்களில் முணுமுணுத்ததோடு விட்டவர், இந்தத் தடவை அதைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அந்தக் கல் அங்கே வருவதற்காக ஆறு வருஷம் மனுப் போட்டவர்.

"யோவ் முருகையா, முந்நூறு வருஷத்துக்கு முன்ன செத்துப்போனவரு எந்தக் கட்சிய்யா? அவரு போய் யாருக்கு ஓட்டு கேக்கப்போறாரு? கலெக்டருக்கு எழுதுறேன் பாரு!"

எழுதுகிறேன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், முருகையன் ஓடினார் ஹெட் கிளார்க் பச்சைமுத்துவிடம். பச்சைமுத்து எதையும் எழுத்தில் தராமல் இருபது வருஷம் ஓட்டிய கெட்டிக்காரர்.

"மேல இருக்கிற ஆள விட்டுடு. கீழ இருக்கிற பேருங்கள மட்டும் மூடு."

"சார், ஒரு ஆர்டரா..."

"அதான் வாயால சொல்றேன்ல!"

சாக்கைப் பாதியாக வெட்டி இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டினார். நாலு வாரம் நிம்மதி. அப்புறம் வேட்பாளர்களுக்குச் சின்னம் ஒதுக்கினார்கள். ஒரு சுயேச்சைக்கு மணிச் சின்னம் கிடைத்தது. முருகையன் கட்டியிருந்ததோ கடைவீதி பூவராகவன் கடையில் கேட்டு வாங்கிய மணி மார்க் அரிசிச் சாக்கு. போன் பண்ணிப் புகார் சொன்னவர் தங்கராஜ், பழைய வார்டு உறுப்பினர், புகார் சொல்வதற்கென்றே இரண்டு போன் வைத்திருப்பவர். சாக்கைத் திருப்பிக் கட்டலாமென்றால் மறுபக்கமும் மணி. பூவராகவன் கடையிலிருந்த மற்றச் சாக்குகளில் பார்த்தால் பானை, பம்பரம், விளக்கு. இந்த உலகத்தில் யாருக்கும் சின்னமாகாத பொருள் ஒன்றுகூட இல்லை என்பது முருகையனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"படம் இல்லாத வெள்ளத் துணி. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குள்ள கட்டியிருக்கணும்," என்றார் பச்சைமுத்து. வாயால்தான்.

மறுநாள் அமாவாசை. விடிகாலை ஐந்தரைக்குக் கரண்ட் இல்லை. ராஜம்மாள் பால் வாங்கப் போயிருந்தாள், பீரோவைப் பூட்ட மறந்து. முருகையன் கடைசித் தட்டில் கையை விட்டுத் துழாவினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத எட்டு முழ வேட்டி ஒன்று அகப்பட்டது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பளபளவென்று கட்சிக்கரை போட்ட வேட்டி!

அது எங்கிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். மகள் மணிமொழியைக் கட்டிக்கொடுத்த இடம் அவலூர்பேட்டை. சம்பந்தி நெடுமாறன் கட்சிக்காரர். காதுகுத்தோ, வீடு குடிபோவதோ, எந்த விசேஷமானாலும் கரைவேட்டி வைத்துக் கொடுப்பது அவர் பழக்கம். அரசாங்க ஊழியர் அதைக் கட்டமுடியுமா? இரண்டு வருஷமாக அப்படியே கிடந்தது. அந்தக் கரை என்ன நிறம் என்று என்னைக் கேட்காதீர்கள். தேர்தல் முடிந்துவிட்டது, ஆனாலும் நான் இதே ஊரில்தான் ரேஷன் வாங்கவேண்டும்.

'கரைய உள்ள மடிச்சி உட்டா வெள்ளத் துணிதானே?' என்று நினைத்தார் முருகையன். யோசனை நல்ல யோசனைதான். கெடுத்தது கை. சாக்கென்றால் அவர் கை சணலைத் தேடும். வேட்டியென்றதும் அந்தக் கை தன்பாட்டுக்கு வேட்டி கட்டிவிட்டது! இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு மடிப்பு, ஒரு சொருகல். சணல் கட்டவேயில்லை. தினமும் தான் கட்டிக்கொள்கிற மாதிரியே படைத்தலைவருக்கும் கட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, சுருக்கத்தை நீவி விட்டுவிட்டு, ஏழு மணிக்குள் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனார்.

பத்து மணிக்கு ராஜகிரி மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. உள்ளே மடித்த கரை மெல்ல வெளியே இறங்கியது. அமாவாசை என்பதால் மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டில் நகரமுடியாமல் வரிசைகட்டி நின்றன. ஜன்னல் ஜன்னலாக ஜனங்கள் எட்டிப்பார்த்தார்கள். தலைப்பாகை, மீசை, ஓங்கிய வாள், வெற்று மார்பு, இடுப்பில் புத்தம்புதுக் கரைவேட்டி! பன்னிரண்டு மணிக்குள் அந்தப் படம் தாலுகா முழுக்கப் போன் போனாய்ச் சுற்றிவிட்டது. 'படைத்தலைவர் நரசிங்கன் கட்சியில் இணைந்தார்' என்று எவனோ தலைப்பு வேறு போட்டிருந்தான். முருகையன் அவிழ்க்க ஓடினார்; அதிகாரி வரும்வரை கை வைக்காதே என்றுவிட்டார் பச்சைமுத்து, வாயால்தான்.

மூன்று மணிக்குப் பறக்கும் படை வந்தது. அதிகாரி அன்புக்கரசி வேளாண்துறையிலிருந்து தேர்தல் வேலைக்கு வந்தவர். ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோக்காரர், மடியில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம், எங்கள் ஊரில் மல்லாட்டை. காலையிலிருந்து அந்த அம்மாள் சாப்பிட்டது அவ்வளவுதான். அவர் இறங்குவதற்குள் தங்கராஜ் முன்னால் வந்து நின்றார்.

"பாருங்க மேடம்! அரசாங்கப் பூங்காவுல, அரசாங்கக் கல்லுக்கு, அவங்க கட்சி வேட்டி! இது பிரச்சாரம் இல்லாம வேற இன்னா?"

அவர் முடிக்குமுன் பைக்கில் வந்து இறங்கினார் நெடுமாறன், அவலூர்பேட்டையிலிருந்து மூச்சிரைக்க.

"பிரச்சாரமா? மேடம், இது எங்க கட்சிக்கு அவமானம்! ஒரு சட்டைகூட இல்லாத ஆளுக்கு எங்க வேட்டியக் கட்டி உட்டு ஊரே சிரிக்குது. எவன் பண்ண வேல இது? அவன சும்மா உடக்கூடாது!"

"யாரு கட்டினது?" என்றார் அன்புக்கரசி.

முருகையன் ஓரடி முன்னால் வந்தார். "நான்தாம்மா."

"சம்பந்தி, நீங்களா?" என்றார் நெடுமாறன்.

"பேரு, பதவி, பணி ஓய்வு தேதி சொல்லுங்க பெரியவரே. ரிப்போர்ட்ல எழுதணும்."

ஏப்ரல் முப்பது என்று சொன்னார் முருகையன். இன்னும் பதின்மூன்று நாள். கன்னியப்பனின் மாலை கண்முன் ஆடியது. சரியாக அந்த நேரத்தில், திறந்து கிடந்த பீரோவைப் பார்த்துவிட்டுக் கொதிப்போடு வந்து சேர்ந்தாள் ராஜம்மாள்.

"அய்யோ அய்யோ! மணிமொழி வீடு குடிபோனப்ப அண்ணன் வெச்சிக் கொடுத்த வேட்டியாச்சே இது! இதையுமா கொண்டாந்து கல்லுக்குக் கட்டுன?"

அன்புக்கரசி மல்லாட்டையைக் கீழே வைத்தார். "எந்த அண்ணன்?"

"இதோ நிக்கிறாரே, இவருதான். விசேஷத்துக்கு வந்த அத்தன பேருக்கும் கொடுத்தாரும்மா, தாராள மனசு."

"அத்தன பேருக்குமா? எப்போ கொடுத்தீங்க? எத்தன வேட்டி? இன்னும் ஸ்டாக் இருக்குதா?"

வீடியோக்காரர் காமிராவை நெடுமாறன் பக்கம் திருப்பினார். நெடுமாறன் பைக் பக்கம் நகர்ந்தார். "அது ரெண்டு வருஷத்துக்கு முன்ன மேடம்! குடும்ப விசேஷம்! எனக்குப் புகாரே இல்ல மேடம், எங்க குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கிறோம்."

"இவரு வாபஸ் வாங்கலாம், நான் வாங்கமாட்டேன்," என்று மார்பை நிமிர்த்தினார் தங்கராஜ். "மொதல்ல அந்த வேட்டிய அவுருங்க. இப்பவே அவுருங்க!"

முருகையன் தயங்கித் தயங்கி அவரைப் பார்த்தார். "அண்ணே, அவுக்க வேணாண்ணே."

"இன்னாய்யா வேணாம்? அவுருய்யா!"

முருகையன் சொருகலை எடுத்தார். வேட்டி விழுந்தது. காமிரா கல்லுக்குத் திரும்பியது. பதினோராவது வரியில், பொன்னிறம் பூசிய எழுத்தில், நன்றி சொன்ன வார்டு உறுப்பினராகத் தங்கராஜ் ஜொலித்தார்.

"இது நீங்கதானே?" என்று கேட்டார் அன்புக்கரசி.

"அய்யய்யோ மூடுய்யா, மூடு!" என்று தங்கராஜ் கல்லின் மேலேயே போய் விழுந்தார். ரோட்டில் நின்ற பஸ்களில் இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. இரண்டு பேரும் புகாரில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். வேட்டியை மடித்து, கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி எடுத்துக்கொண்டார்கள். கைப்பற்றுகிற பொருளைக் கட்டுவதற்காகக் காரில் வைத்திருந்த வெள்ளைத் துணிச் சுருளைப் பிரித்து, முருகையனே கல்லைச் சுற்றிக் கட்டினார், இந்தத் தடவை சணலோடு. போலீஸ்காரர் முடிச்சில் அரக்கு வைத்தார். கடைசியில் அன்புக்கரசி ஒரு பெரிய வெள்ளை அட்டையை நீட்ட, நல்ல கையெழுத்துக்காரரான வீடியோக்காரர் தடித்த மையில் எழுதி அதைத் துணிமேல் ஒட்டினார்: 'முத்திரையிடப்பட்டது. வாக்கு எண்ணிக்கை முடியும்வரை பிரிக்கக் கூடாது. பொறுப்பு: சி. முருகையன், காவலர்.'

பொறுப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் முருகையன் இரண்டடி பின்வாங்கினார். முப்பத்துநாலு வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு அவர் அறிந்த அர்த்தம் ஒன்றுதான்: மாட்டிக்கொண்டவன். தன் குற்றப்பத்திரிகையை ஊரறிய ஒட்டிவிட்டார்கள் என்றே நினைத்தார். அதன்பிறகு பூங்காவுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போனார், வந்தார். ஓட்டுப்பதிவும் முடிந்தது. தினமும் தபால் வரும் நேரத்தில் பச்சைமுத்துவின் மேஜையருகே ஏதாவது சாக்கில் நின்றுகொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. ராஜம்மாள் ஆனமட்டும் திட்டிப்பார்த்தாள். அப்புறம் அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது, அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ஏப்ரல் முப்பது. மாலை வந்தது, கேசரி வந்தது, காராபூந்தி வந்தது. ராஜம்மாள் அதே பட்டுச்சேலையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலேமுக்காலுக்குத் தேர்தல் பிரிவிலிருந்து ஒரு ஆள் பழுப்புக் கவரோடு உள்ளே வந்தார். முருகையன் கழுத்து மாலையைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தார்.

பச்சைமுத்து கவரைப் பிரித்தார். வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். அப்புறம் சத்தமாக வாசித்தார்:

"மேற்படி இடத்தில் கைப்பற்றப்பட்ட எட்டு முழ வேட்டி ஒன்று, புகார் ஏதும் நிலுவையில் இல்லாததால், வாக்கு எண்ணிக்கைக்குப் பின் உரிய அடையாளச் சான்றைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்."

"வேற?" என்றார் முருகையன்.

"வேற ஒண்ணும் இல்லய்யா. வேட்டி திரும்ப வருது, அவ்ளோதான்."

முருகையன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். பச்சைமுத்து மாலையை எடுத்து மறுபடியும் போட்டுவிட்டு, பொன்னாடையைப் போர்த்தினார். ஊரிலுள்ள அத்தனை சிலைகளுக்கும் துணி போட்டவருக்கு அன்றைக்குத்தான் ஒருவர் துணி போட்டார்.

வழக்கப்படி ஆபீஸ் ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பூங்கா வந்ததும் முருகையன் குனிந்துகொண்டார்.

"வண்டிய நிறுத்துப்பா," என்றாள் ராஜம்மாள்.

எட்டு வருஷமாக அந்தப்பக்கமே பார்க்காதவள் இறங்கிப்போய்க் கல்முன்னால் நின்றாள். பதினோரு பேரும் துணிக்குள் இருந்தார்கள். விரலை வைத்து மேலிருந்து எழுத்துக்கூட்டினாள். "படைத்தலைவர் நரசிங்கன். கோட்டையின் வடக்கு வாசலை நாற்பது நாள் காத்து நின்றவர்." விரல் கீழே இறங்கி அட்டைக்கு வந்தது. "சி. முருகையன். காவலர்."

அந்தக் கல்லில் அப்போது வெளியே தெரிந்த பெயர்கள் இரண்டே இரண்டு. அவள் அட்டையில் படிந்திருந்த ரோட்டுப் புழுதியை முந்தானையால் துடைத்தாள். மாலையும் பொன்னாடையுமாக முருகையன் பின்னால் வந்து நின்றார்.

"இது எத்தினி நாளு இருக்கும்?"

"கவுண்டிங் முடியற வரைக்கும். இன்னும் நாலு நாளு."

"அப்போ நாளைக்கு மணிமொழியக் கூட்டிக்கினு வரலாம்," என்றாள் ராஜம்மாள்.